பழைய ஸ்டோர் இருந்த இடத்தில் ஏழு பேர்ச்: மண்ணைச் சோதிக்கும் செலவை யார் ஏற்பது?

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெற்றோர் இருவரும் அதே தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். குடும்பம் இன்னும் லயத்தில்தான் இருக்கிறது. அடையாளம் தெரியாதபடி அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மேல் டிவிஷனில் இருந்த ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. இயந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. அஸ்பெஸ்டஸ் கூரை பாதி சரிந்த கட்டடமும், என்ஜின் அறையை ஒட்டி நிலத்துக்கடியில் புதைத்த எண்ணெய்த் தாங்கியும், கீழ்ப்பக்கம் தேயிலைக்கு அடிக்கும் மருந்து வைத்திருந்த கல் அறையும் மிஞ்சின. இப்போது அந்த இடத்தை மட்டப்படுத்தி லயத்துக் குடும்பங்களுக்குத் தலா ஏழு பேர்ச் தருவதாகச் சொல்கிறார்கள். மழை பெய்தால் என்ஜின் அறைப் பக்கம் எண்ணெய் வாடை வருகிறது. கீழே ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கரையில் தண்ணீருக்கு மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிகிறது. மருந்து அறை வாசலில் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை. "கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்துக் காணி நல்லது என்று எழுதிவிட்டார்கள், பிறகென்ன பயம்?" என்கிறார் தோட்டத் தலைவர். காணியைப் பெறுவதற்குக் கையெழுத்திட வேண்டிய கடிதத்திலோ "தற்போதுள்ள நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறேன், பிற்காலத்தில் எவ்வித உரிமைக்கோரிக்கையும் செய்யமாட்டேன்" என்று ஒரு வரி இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன், இப்படிப்பட்ட காணிகளைச் சோதித்துச் சுத்தம் செய்ய அங்கே அரசாங்கமே பணம் தருவதாகச் சொன்னாராம். அதைக் கேள்விப்பட்ட ஒருவர், "அதே நிதியை இங்கேயும் எடுத்துத் தருகிறேன், திட்ட அறிக்கை எழுத 75,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள்" என்று குடும்பங்களிடம் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு நிதி உண்டா, காணியை ஏற்கலாமா, வாய் திறந்தால் வீடு இல்லாமல் போய்விடுமா என்பன வாசகியின் முக்கியமான மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, அந்த 75,000 ரூபாயை யாரும் கொடுக்க வேண்டாம் என்று லயத்தில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சித்தப்பா மகன் சொன்னது பொய்யல்ல. அமெரிக்காவில் லவ் கனால் என்ற இடத்தில், ரசாயனக் கழிவைப் புதைத்த நிலத்துக்கு மேலேயும் பக்கத்திலும் பாடசாலையும் வீடுகளும் கட்டியிருந்தார்கள். 1978இல் அது பெரிய விவகாரமாகி மக்களை வெளியேற்ற வேண்டி வந்தது. அதன் பின் 1980இல் அங்கே வந்த சட்டம், கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்ய ஒரு பெரிய நிதியை உருவாக்கியது. அந்த நிதிக்குப் பணம் வந்தது பெரும்பாலும் எண்ணெய், ரசாயனக் கம்பனிகள் மீது போட்ட வரியிலிருந்து. அவ்வளவு மோசமில்லாத, ஆனால் அழுக்குப் படிந்திருக்கும் என்ற சந்தேகத்தால் கைவிடப்பட்ட பழைய தொழிற்சாலைக் காணிகளுக்காக 2002இல் இன்னொரு சட்டம் வந்தது. சோதிப்பதற்கு ஒரு மானியம், சுத்தம் செய்வதற்கு ஒரு மானியம் என்று தனித்தனியாக அதன் கீழ் கொடுக்கிறார்கள். 2021இல் மட்டும் இதற்கென 150 கோடி டொலர் ஒதுக்கினார்கள். ஆனால் அந்த மானியத்துக்கு நகர சபைகள் போன்ற அரச அமைப்புகளும் இலாப நோக்கமற்ற அமைப்புகளும்தான் விண்ணப்பிக்கலாம், தனியாட்கள் முடியாது. நிலத்தைக் கெடுத்தவருக்கும் கிடையாது. அமெரிக்கக் காணிக்கான அமெரிக்கப் பணம் அது. மலையகத்துத் தோட்டக் காணிக்கு எந்தத் திட்ட அறிக்கையாலும் அதை எடுக்க முடியாது.

குடியிருப்பாளர்கள் விண்ணப்பித்துப் பெறக்கூடிய அப்படியொரு மானியத் திட்டம் இலங்கையில் இல்லை. இங்கே நீங்கள் கேட்க வேண்டியது, இந்த மண்ணுக்குச் சட்டப்படி பொறுப்பானவர் யார் என்பதை.

காணி யாருடையது

"கம்பனிக் காணி" என்று உங்கள் கடிதத்தில் பல இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த அதன் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கையில் கொண்டுவந்தன. பிறகு அவற்றை ஜனவசம என்ற அரச சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளை அமைத்து, அவற்றிடம் தோட்டங்களை 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குத்தகை 2045இல் முடிகிறது. உங்கள் தோட்டமும் இந்த வரிசையில் வந்ததென்றால், காணியின் சொந்தக்காரர் அரசு, கம்பனி குத்தகைக்காரர்.

இதில் உங்களுக்கு அனுகூலமும் உண்டு, இடைஞ்சலும் உண்டு. எண்ணெய் ஒழுகியது எங்கள் காலத்தில் இல்லை, கூட்டுத்தாபன காலத்தில் என்று கம்பனி சொல்லும். குத்தகைக்காரர் பார்க்க வேண்டிய விடயம் என்று அரசு அலுவலகம் சொல்லும். ஆனால் ஸ்டோர் மூடப்பட்டது 2000களில் என்கிறீர்கள். தாங்கியைக் காலி செய்து அகற்றாமல், மருந்து அறையைத் துப்புரவு செய்யாமல் விட்டுப் போனது குத்தகைக் காலத்தில்தான் நடந்திருக்கிறது. இந்த ஒரு தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மண்ணை மாசுபடுத்துவதை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. அபாயகரமான கழிவைக் கையாள 2008இல் தனி ஒழுங்குவிதிகளும் வந்தன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் உயர் நீதிமன்றம் எப்பாவல பொஸ்பேட் வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே பேசிவிட்டது.

கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை

உங்கள் தலைவரைக் குறை சொல்ல மாட்டேன். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாம். காணி என்றதும் மலை சரியுமா என்பதுதான் முதலில் மனதில் வரும், அது சரியும்கூட. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வீட்டுக் காணிக்குத் தரும் அறிக்கை மண்சரிவு அபாயத்தைப் பற்றியது. சரிவு எவ்வளவு, வடிகால் எப்படி, வீடு கட்டலாமா என்று அது சொல்லும். மண்ணில் எண்ணெய் கலந்திருக்கிறதா, பழைய மருந்து தங்கியிருக்கிறதா என்று அதில் இருக்காது. அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி நீங்களே வாசித்துப் பாருங்கள். இரசாயனப் பரிசோதனை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அதையே கடிதத்தில் எழுதிக் கேட்கலாம்.

காசில்லாமல் தொடங்கும் சோதனை

மேல்நாடுகளில்கூட முதலிலேயே மண்ணைத் தோண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதில்லை. முதற்கட்டம் முழுவதும் அந்த இடத்தின் கதையைச் சேகரிப்பது: எங்கே என்ன இருந்தது, என்ன கொட்டினார்கள், எந்தப் பக்கம் தண்ணீர் ஓடியது. அதற்குப் பிறகுதான் எந்த இடத்தில், எதற்காகச் சோதிப்பது என்று முடிவாகும். அங்கே இதற்கு நிபுணர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். உங்கள் லயத்திலோ அந்தக் கதை தெரிந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து இதுதான், அதுவும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறது.

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு என்ஜின் டிரைவராக இருந்தவரிடமும், ஸ்டோரில் வேலை செய்த பெண்களிடமும், மருந்தடித்தவர்களிடமும் உட்காருங்கள். என்ஜின் டீசலிலா ஓடியது? கழிவு எண்ணெயை எங்கே ஊற்றினார்கள்? தாங்கி நிரம்பி வழிந்ததுண்டா? மருந்தடித்துவிட்டு வந்து பம்புகளை எங்கே கழுவினார்கள்? காலி டின்களைப் புதைத்தார்களா, எரித்தார்களா? டிரான்ஸ்போமர் இருந்ததா, அதன் எண்ணெயை மாற்றினார்களா? பழைய டிரான்ஸ்போமர் எண்ணெய் சிலவற்றில் பிசிபி என்ற நச்சு இருக்கும், அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

மருந்து விடயத்தில் வயதானவர்களின் ஞாபகம் மிக முக்கியம். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்த பிறகு பல வருடங்கள் செம்பு மருந்து அடித்தார்கள். செம்பு மண்ணில் தங்கும். கிளையைத் துளைக்கும் சிறு வண்டுக்கு ஐம்பது, அறுபதுகளில் டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைப் பாவித்தார்கள். எளிதில் அழியாத நச்சுகளுக்கெதிரான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டொக்ஹோம் சாசனம் முதலில் தடைக்குக் கொண்டுவந்த 12 நச்சுகளில் அதுவும் ஒன்று, வருடக்கணக்கில் அழியாது. பிந்திய காலத்தில் கிரமக்சோன் என்ற களைக்கொல்லி வந்தது. அந்தக் கல் அறை எந்தக் காலத்தில் பாவனையில் இருந்தது என்பதை வைத்துத்தான் எதைச் சோதிப்பது என்று ஆய்வுகூடம் சொல்ல முடியும்.

கேட்டதை ஒரு படமாக வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கட்டடம், தாங்கி, மருந்து அறை, காண், பீலி, ஏழு பேர்ச் துண்டுகள் வரப்போகும் இடம் என்று குறித்து, சொன்னவர்களின் பெயரும் அவர்கள் வேலை செய்த வருடங்களும் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். நாளை வழக்கு என்று வந்தாலும் இது சாட்சியாகும்.

பீலியில் தெரியும் படலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வானவில் நிறம் என்றாலே எண்ணெய் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நம் மலைச் செம்மண்ணில் இரும்பு அதிகம். தேங்கிய ஊற்றுத் தண்ணீரில் இரும்பு பக்டீரியா இதே போன்ற படலத்தை உண்டாக்கும், அது விஷமில்லை. ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைவதுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் பக்டீரியா. சுழன்று மீண்டும் ஒன்று சேர்ந்தால் எண்ணெயாக இருக்க வாய்ப்பு அதிகம், வாடையும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குச்சியோடு செய்யும்போது கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துவையுங்கள். புல் முளைக்காததும் அப்படித்தான். அடுப்புச் சாம்பல் கொட்டிய இடத்திலும், லொறி ஓடி இறுகிய இடத்திலும் புல் வராது. உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் நிரூபிக்கப்படாத சந்தேகத்தை வைத்து "விஷக் காணி" என்று முகநூலில் எழுதிவிட்டால், முதல் வேலையாக அதைத்தான் உங்களுக்கு எதிராகத் தூக்கிப் பிடிப்பார்கள்.

மாதிரி எடுக்கும் கட்டம் வரும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். தாங்கியருகிலும் மருந்து அறை வாசலிலும் பம்பு கழுவிய இடத்திலும் எடுத்தால், பணத்தை அள்ளி இறைக்காமல் பெரும்பகுதி தெரிந்துவிடும். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் நடக்காத இடத்து மண்ணும் வேண்டும். அதைத் தேயிலை மலையில் எடுக்காதீர்கள், அங்கே செம்பு ஏற்கனவே இருக்கும், காட்டு ஓரத்தில் எடுங்கள். மாதிரி எடுக்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ கிராம உத்தியோகத்தரோ பக்கத்தில் இருப்பது நல்லது. இல்லையென்றால் "எங்கிருந்து அள்ளினார்களோ" என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும். போத்தல் எப்படியிருக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை முன்கூட்டியே ஆய்வுகூடத்திடம் கேளுங்கள். குடிதண்ணீர்ப் பரிசோதனையைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை செய்கிறது. மண்ணுக்கும் மருந்து எச்சத்துக்கும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தை விசாரிக்கலாம்.

அப்படியானால் செலவு?

மண்ணைச் சோதிக்கும் செலவைக் காணியை மட்டப்படுத்தும் செலவோடு சேர்த்துக் கேளுங்கள் என்பது என் யோசனை. டோசர் கொண்டுவரவும், பாதை வெட்டவும், காண் கட்டவும் வீட்டுத் திட்டத்தில் பணம் ஒதுக்குகிறார்கள். சில மாதிரிகளின் செலவு அதன் முன் சிறியது. வீடமைப்பை நடத்தும் அமைச்சுக்கும், ட்ரஸ்ட் என்று நாம் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், கம்பனிக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதேச சபைக்கும் ஒரு பிரதி போகட்டும். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று முன்பு சொல்வார்கள். 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தப் பதில் எடுபடாது.

வெளியிலிருந்து வரக்கூடிய பணம் என்று பார்த்தால், உலகச் சுற்றாடல் வசதி என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம் இலங்கையிலும் இயங்குகிறது. பதிவு செய்யப்பட்ட சமூக அமைப்புகளுக்கு அது உதவுகிறது, இரசாயனமும் கழிவும் அதன் துறைகளில் ஒன்று. உங்கள் ஊரில் பதிவுள்ள சங்கம் இருந்தால் விசாரியுங்கள். ஆனால் அதை ஒரு துணையாகத்தான் நினைக்க வேண்டும். கம்பனி எடுக்க வேண்டிய தாங்கியை நன்கொடைப் பணத்தில் எடுத்துக் கொடுக்க உங்களுக்கு என்ன தலையெழுத்து?

இதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பாவியுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஸ்டோருக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருந்ததா, மூடும்போது யாராவது பரிசோதித்தார்களா, குத்தகைப் பத்திரத்தில் கட்டடங்களையும் கழிவையும் பற்றி என்ன நிபந்தனை, இந்தக் காணியைத் தெரிவு செய்த கூட்டத்தின் அறிக்கை எங்கே என்று கேளுங்கள். கேள்வியைக் கம்பனியிடம் மட்டும் வைக்காமல், அமைச்சிடமும் சுற்றாடல் அதிகாரசபையிடமும் வையுங்கள், அவை பொது அதிகாரசபைகள் என்பதில் எந்தத் தர்க்கமும் இல்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே கேட்கலாம்.

அந்தக் கையெழுத்து

எழுத்தில் உள்ளபடி கையெழுத்திடாதீர்கள். ஒரு வரியால் உங்கள் உரிமைகள் எல்லாம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அரச அதிகாரசபையின் சட்டக் கடமையை இரண்டு தரப்பு எழுதிக்கொள்ளும் கடிதம் அழித்துவிடாது. ஆனால் பிறகு நட்டஈடு கேட்கும்போது அந்த வரியைத்தான் முதலில் நீட்டுவார்கள். கையெழுத்திட மறுப்பதைவிட, மாற்றிக் கேட்பது புத்தி: "காணியை ஏற்க விரும்புகிறோம். நிலத்தடி எண்ணெய்த் தாங்கி அகற்றப்பட்டு, மண் பரிசோதனை அறிக்கை வழங்கப்பட்ட பின் கையேற்போம்." எல்லாக் குடும்பமும் ஒரே வாசகத்தில் கொடுங்கள். தனியாகக் கொடுக்கும் குடும்பத்துக்குத்தான் அழுத்தம் வரும்.

சுன்னாகத்தில் செய்ததுபோல் வழக்குப் போடலாமா என்றும் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்த மின் நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது உண்மை. அங்கே கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவுகள் கையில் இருந்தன. உங்களிடம் இன்னும் ஒரு தாளும் இல்லை. அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை ஒரு மாத அவகாசமே தருகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. எனவே அதிகாரிகளிடமிருந்து "சோதிக்க மாட்டோம்" என்று பதில் வந்தால் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, உடனே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். தாங்கி ஒழுகித் தண்ணீரில் கலப்பது நிரூபணமானால் அதற்கு முன்பே ஒரு பாதை உண்டு: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். செலவு குறைவு, வேகமும் கூட.

வீடு கைநழுவுமா?

நழுவலாம். அதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு உதவுகிறவன் இல்லை. "இந்த ஊர்க்காரர்களுக்கு வீடு வேண்டாமாம்" என்று பட்டியலை அடுத்த தோட்டத்துக்கு மாற்றுவது நடக்கக்கூடியதுதான். அதனால் "இந்தக் காணி வேண்டாம்" என்ற வாக்கியம் உங்கள் எந்தக் கடிதத்திலும் வரக்கூடாது. பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில் முழு நிலமும் கெட்டிருப்பதில்லை. தாங்கியைச் சுற்றி, மருந்து அறையைச் சுற்றி என்று சில இடங்களில் குவிந்திருக்கும். அந்த மண்ணை வெட்டி முறையாக அகற்றலாம், அல்லது வரைபடத்தை மாற்றி அந்த இடத்தில் வீடு வராமல் பாதையோ வாகனத் தரிப்பிடமோ வரச் செய்யலாம். பிள்ளைகள் விளையாடும் இடமாக மட்டும் விடக்கூடாது. "வரைபடத்தைத் திருத்துங்கள்" என்று கேட்கிறவர்களை வீடு வேண்டாதவர்கள் என்று சொல்வது கடினம். மேலே நல்ல மண் போட்டு மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால், தாங்கி உள்ளே இருக்கும்வரை அது வேலைக்காகாது என்று சொல்லுங்கள். மலையில் பெய்யும் மழை அடியால் கொண்டுபோய்ப் பீலியில் சேர்த்துவிடும்.

பதில் வரும்வரை சில விடயங்களை இன்றைக்கே நிறுத்துங்கள். சரிந்த அஸ்பெஸ்டஸ் தகடுகளை மாட்டுக் கொட்டிலுக்கும் குசினிக் கூரைக்கும் தூக்கிப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உடைக்கும்போதும் ஆணி அறையும்போதும் வரும் தூசிதான் ஆபத்து, அது நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. தொடாமல் விடுங்கள். தொட்டே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் எடுங்கள், காய்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள். மருந்து அறையிலிருந்து எடுத்த நீல பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் பிடித்து வைப்பதாக ஒரு வரி உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வருகிறது. மண்ணைவிட எனக்குப் பயம் தந்தது அந்த வரிதான். எத்தனை தரம் கழுவினாலும் அது தண்ணீர்ப் பீப்பாய் ஆகாது. இன்று மாலையே வெளியே வைத்து, யாரும் திரும்ப எடுக்காதபடி துளையிட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தோல் தடிப்பு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டி, பீப்பாயைப் பற்றியும் சேர்த்துச் சொல்லி, சிகிச்சைத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கையெழுத்திடச் சொன்ன அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், மாற்று வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை.